தண்ணி பாயுதா?

எங்கப்பாவுக்கு நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாது. நூறு பேர் என்றால் அரிசி பத்து கிலோ, துவரம்பருப்பு மூணு கிலோ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அம்மா காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் அந்தக் கணக்கை எங்கள் நாலு பேருக்கு வகுத்துப் பார்த்தார். நானூறு கிராம் வந்தது. "இது காக்காய்க்கு வெக்கறதாட்ட இருக்குது கண்ணு" என்று ரெண்டு கிலோவை உலையில் போட்டார். அன்றைக்கு ராத்திரி முதலிபாளையத்தில் எங்கள் வீதி முழுக்க அரிசிம்பருப்புச் சோறுதான்.

முகூர்த்த நாளில் கல்யாணச் சமையல். மற்ற நாளில் சிட்கோ பனியன் கம்பெனிகளுக்கு டீயும் வடையும். ஓவர்லாக் அடிப்பவர்களுக்குப் பீஸ் ரேட். டீக்கென்று எழுந்தால் காசு போச்சு. அதனால் டம்ளரை மிஷின் பக்கத்திலேயே வைத்துவிடுவார். வடையைக் காகிதத்தில் சுற்றித் தருவதோடு கை துடைக்கப் பனியன் வேஸ்ட்டும் தருவார். வெள்ளைத் துணியில் எண்ணெய் விரல் பட்டால் பீஸ் டேமேஜ். மிச்ச வேஸ்ட் வீட்டுக்கு வரும். ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய கலரெல்லாம் எங்கள் வீட்டில் கரித்துணியாகக் கிடந்தன.

பின்னாளில் ஒடிசாப் பையன்கள் வந்தார்கள். அப்பாவுக்கு இந்தியும் வராது, ஒடியாவும் வராது. ஒருத்தன் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் வெங்காயத்தோடு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். அவன் அதைப் பகாளா என்றான். "பழைய சோறுதானப்பா" என்றார் இவர். அதிலிருந்து ஒடிசா தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது என்றே நம்பினார்.

கல்யாணத்தில் நானூறு பேர் என்று சொல்லி அறுநூறு பேர் வந்து நிற்பார்கள். பந்தியில் நிற்கும் ஆள் குரல் கொடுப்பான்: "தோட்டத்துக்குத் தண்ணி பாயுதா?" சாம்பாரில் வெந்நீர் கலக்கலாமா என்று அர்த்தம். "பாயட்டும்" என்பார் அப்பா. ஒருதடவை இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கவுண்டர் நிமிர்ந்து, "இப்பப் பகல்ல ஏதுங்க கரண்ட்டு? த்ரீ பேஸ் ராத்திரிதானுங்களே" என்றார். அப்பா அசரவில்லை. "டீசல் மோட்டாருங்க" என்றார். கவுண்டர் சமாதானமாகி ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கிக்கொண்டார்.

2020இல் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டபோதுதான் அவர் நிஜமாகவே நொந்துபோனார். கிருமிக்கெல்லாம் பயப்படவில்லை. "அம்பது பேர் வந்தா அது கல்யாணமா? பொண்ணு பாக்கறது" என்று கரண்டியைக் கழுவிப் பரண் மேல் போட்டார்.

அவருடைய கருமாதிக்கு நூற்றைம்பது பேர் என்று கணக்குப் போட்டோம். அவர் பிள்ளைகளுக்கு அவர் கணக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சிட்கோவிலிருந்து பையன்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். மூணாவது பந்தியில் அப்பாவின் பழைய ஆள் ஒருத்தர் சாம்பார் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி, "தோட்டத்துக்குத் தண்ணி பாயுதா?" என்று கத்திவிட்டார். கத்தின பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பந்தியே கப்சிப்.

உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்: "கரண்ட்டு இருக்குது. பாயட்டும்."