கடன் வாங்கிப் பேச்சு படிக்கப் போற பேத்திக்கு

நாலு வருஷம் பேச்சு வைத்தியம்னே படிச்சுட்டு வந்தவ, “மொத்தம் எவ்வளவு ஆகும்?”னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கியே தாயி. இந்தக் கோளாறுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?

சரி, நீ சொல்லாட்டி என்ன. ஒங்கப்பன் திண்ணையில உக்காந்து பேங்க்காரன்கிட்ட போன்ல பேசுனது எனக்குக் கேட்டுட்டு. தாத்தாவுக்குக் காது மந்தம்னு வீட்டுல எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. நீயும் மிஷினை மாட்டிப் பாத்துட்டுத் தலையை ஆட்டுன. இருக்கட்டும், அதுல எனக்கு நல்ல லாபம். 40 லட்சம் கடன், 11 வட்டி, அமெரிக்காவுல ரெண்டு வருஷ மாஸ்டர் டிகிரி. சரிதானா?

“படிக்கும்போது ஒண்ணும் கட்ட வேண்டாம் தாத்தா”ங்க. வாஸ்தவம். படிக்குத காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கேக்க மாட்டான். கேக்க மாட்டான்னுதான் சொன்னேன், எழுத மாட்டான்னு சொல்லல. 40 லட்சத்துக்கு 11 வட்டின்னா வருஷத்துக்கு 4,40,000 ரூபா. ஒரு நாளைக்கு 1,200-க்கு மேல. தீபாவளி, பொங்கல்னு அதுக்கு லீவு கிடையாது. மூணு வருஷம் கழிச்சு 53 லட்சத்தைத் தாண்டி நிக்கும். அதைப் பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 73,000 சொச்சம். பணத்தை ஒரே தடவையா வாங்காம செமஸ்டர் செமஸ்டரா வாங்குனா கொஞ்சம் குறையும். கொஞ்சந்தான்.

ஏழரை லட்சத்துக்கு மேல போனா ஈடு கேப்பான். ஏழரையில நிக்குத சமாச்சாரம் எதுவும் நமக்கு ஒத்து வந்ததில்ல, அது வேற. கரிசக்காட்டை வச்சிரலாம்னு ஒங்கப்பனுக்கு ஒரு நெனப்பு. கடன் திரும்பி வராம போனா பேங்க் சொத்தை எடுத்துக்கிடலாம்னு 2002-ல ஒரு சட்டம் வந்துச்சு பாரு, சர்ஃபேசின்னு, அது விவசாய நிலத்து மேல பாயாது. அதனால கல்விக்கடனுக்குக் காட்டுப் பத்திரத்தைக் கொண்டு போனா முகத்தைத் திருப்பிக்கிடுதான். மழையும் பெய்யாத, உளுந்தும் வெளையாத அந்தக் காடு எனக்குச் செஞ்ச ஒரே உபகாரம் இது. ஆனா வீட்டை வாங்கிக்கிடுவான். இப்ப நாம உக்காந்திருக்கோமே, இந்த வீட்டை. இதுபோக வெளிநாட்டுப் படிப்புன்னா செலவுல நூத்துக்கு 15 நம்ம கையில இருந்து போடணும். உங்கம்மை கழுத்தை இன்னைக்குப் பாத்தியா? நல்லாப் பாத்துக்கோ.

“அங்கன சம்பளம் எவ்வளவு தெரியுமா?”ன்னு ஆரம்பிப்ப. தெரியும். 2024 கணக்குப்படி நடுமட்டத்துல வருஷம் 95,000 டாலர் சொச்சம். ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த நாக்காலியில போய் உக்காருததுக்கு முன்னால என்னென்ன வச்சிருக்கான் பாரு. 400 மணி நேரம் கிளினிக் பயிற்சி. அதுல 25 மணி நேரம் உக்காந்து வேடிக்கை பாக்கணும், 375 மணி நேரம் நோயாளிகூட வேலை பாக்கணும். வேலை நீ பாப்ப. அதுக்கு ஃபீஸும் நீதான் கட்டுவ. இந்த மாதிரி கூலி முறை தெரியாமத்தான் நான் இத்தனை வருஷம் களையெடுக்க வந்தவங்களுக்குக் காசு கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் பிராக்ஸிஸ்னு ஒரு பரீட்சை. அதுல 162 வாங்கணும். அதுவும் முடிச்சா, ஒரு பெரியாளு மேற்பார்வையில 36 வாரம் வேலை. உன் விசாவுல படிப்பு முடிஞ்சு வேலை பாக்க விடுதது 12 மாசம். கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு இன்னொரு 24 மாசம் கூடக் கொடுக்கான். உன் படிப்பு அந்தப் பட்டியல்ல வராது. 52 வாரத்துல 36 போனா மிச்சம் 16 வாரம். அந்த 16 வாரத்துக்குள்ள ஒரு முதலாளியைப் புடிச்சு, அவன் விசா போட்டு, உன் 53 லட்சத்தை நீ அடைக்க ஆரம்பிக்கணும்.

அந்த ஊரு பிள்ளைக பாடே இப்ப சிரிப்பா சிரிக்கி. மாஸ்டர் படிக்காம அங்க இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. சரின்னு அரசாங்கத்துல கடன் வாங்கிப் படிச்சாக. 2025 ஜூலையில ஒரு சட்டம் போட்டு, 2026 ஜூலையில இருந்து மேல்படிப்புக்கு வருஷம் 20,500 டாலர்தான், மொத்தத்துல ஒரு லட்சத்துக்கு மேல கிடையாதுன்னுட்டான். வைத்தியம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புக்கு மட்டும் வருஷம் 50,000. எது தொழிற்படிப்புன்னு 2025 நவம்பர்ல ஒரு குழு கூடி வரைவு போட்டாக பாரு, அதுல மாட்டு வைத்தியம் இருக்கு, வேதாகமப் படிப்பு இருக்கு, பேச்சுப் பயிற்சி இல்ல. கடவுளைப் பத்திப் பேசுததுக்கு 50,000. பேச்சு வராத பிள்ளையைப் பேச வைக்கதுக்கு 20,500. இதுல உனக்குச் சிரிக்கக்கூடப் பாத்தியதை இல்ல. நீ வெளியூர்க்காரி, அந்த அரசாங்கக் கடன்ல ஒத்த டாலர்கூட உனக்குக் கிடையாது.

படிக்காதேன்னு சொல்லுதேன்னு நெனச்சுராத. பக்கவாதம் வந்து உங்க சின்னத் தாத்தா தண்ணி குடிச்சாலே புரையேறிக் கெடந்தப்ப, நாக்குல வசம்பைத் தேய்னு ஊரே சொல்லிச்சு. விழுங்குததுக்கும் பேச்சுப் படிச்சவுகதான் வைத்தியம்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். இப்ப அவன் நல்லா விழுங்குதான். என் பங்கு வடையையும் சேத்து.

ஆனா மாசம் 73,000 கட்டுதவ அவன் மாதிரி ஆளுகிட்ட வர முடியாதே. மாவட்டத்துக்கு ஒண்ணா சின்னப் பிள்ளைகளுக்கு இடையீட்டு மையம் வச்சிருக்கான், அங்கயும் உங்க ஆளுக வேணும். அந்தச் சம்பளத்தை வாங்கி நீ வட்டி கட்டுவியா, மிச்சத்தைத் திங்கவா? எங்க உக்காரணும், யாரைப் பாக்கணும்னு பேங்க் மேனேஜர்தான் சொல்லுவான். கல்விக்கடன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்காமே, எட்டு வருஷத்துக்கு? இருக்கு, பழைய வரிமுறையில இருந்தா. நீ அங்க சம்பாதிச்சு அங்க வரி கட்டுனா இங்க எதுல கழிப்ப?

இங்க நீ ஏற்கெனவே புனர்வாழ்வு கவுன்சில்ல பதிஞ்சு நம்பர் வாங்கியாச்சு. 1992 சட்டப்படி, அந்த நம்பரு போதும், நாளைக்கே தொழில் பாக்கலாம். ரெண்டு வருஷம் பாரு. கைக்காசைச் சேத்துக்கிட்டு மைசூர் நுழைவுத் தேர்வை எழுது. அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965-ல இருந்து அங்கதான் இருக்கு, மத்திய சர்க்கார் இடம். எம்.எஸ்சி. ரெண்டு வருஷம், அங்க கட்டுத ஃபீஸுக்கு வீட்டுப் பத்திரத்தை எவனும் கேக்க மாட்டான். கிடைக்கலன்னா பம்பாய்ல யாவர் ஜங் நிறுவனம் இருக்கு. தனியார்தான்னு ஆச்சுன்னா, வித்யாலட்சுமி திட்டத்துப் பட்டியல்ல உள்ள காலேஜான்னு முதல்ல பாரு. வீட்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா 10 லட்சம் வரைக்குமான கடனுக்கு வட்டியில 3 சதம் அரசாங்கம் போடும்.

இல்ல, அமெரிக்காதான்னு நின்னா அதுக்கும் ஒரு வழி சொல்லுதேன். ஒரு காலேஜுக்காரன் அசிஸ்டன்ட் வேலை போட்டுக் கொடுத்து, ஃபீஸைத் தள்ளுபடி பண்ணுதேன்னு எழுத்துல கொடுக்கட்டும். வாய்ப்பேச்சு ஆகாது. முன்பணம் கட்டுததுக்கு முன்னால அந்தக் காகிதம் கையில இருந்தா, ஜாமீன் கையெழுத்து நானே போடுதேன். இல்லன்னா பேங்க்காரன் வாரன்னைக்கு எனக்குக் காது சுத்தமாக் கேக்காது.

மைசூர்ல இடம் கிடைச்சா முதல் தசராவுக்கு நான் வாரேன். ஆஸ்டல்ல ஆம்பளையை விட மாட்டான், அரமனைப் பக்கமா ஒரு லாட்ஜ் பாரு. வாடகை உன் சம்பாத்தியத்துல. காபி, மசால் தோசை எல்லாம் தனிக்கணக்கு, சொல்லிட்டேன்.