விருத்தாசலத்து வாங்கியல்: தொலைநோக்கி கொள்வோர் குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

வானியல் குறித்து நூல்கள் உண்டு. அதற்கு முன்னே நிற்பதும், பெரும்பாலோர் விஷயத்தில் அதற்கு அப்பால் எதுவும் நிகழாமல் பார்த்துக்கொள்வதுமான வாங்கியல் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. அப்படியொரு குறை இருந்ததா என்று யாரும் கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் நாட்டில் பல முனைவர் பட்டங்களுக்கு ஆபத்து.

ஆய்வு எல்லை விருத்தாசலம் நகரம், குறிப்பாக அதன் மொட்டைமாடிகள். வட அகலக்கோடு 11.5 பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அதே 11.5 பாகையில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. நம்மூரில் அந்த இடத்தை அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கு வானம் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் வெளிச்சத்துக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. மீந்தது தெற்கு. அகத்தியர் என்று நாம் சொல்லும் நட்சத்திரமும், அடிவானத்திலிருந்து 31 பாகை வரை ஏறிவரும் ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்தும் அங்கேதான் இருக்கின்றன. கருவியோடு வரும் கையேடு இவற்றைப் பற்றி மூச்சுவிடாது. அதை எழுதியவர் குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதினார். அவர் அடிவானத்துக்குக் கீழே கிடப்பவை இல்லாதவை.

மூலச்சுவடிகள் அட்டைப்பெட்டிகளே. வாரண்டி முடிந்த பின்னும் பெட்டியைப் பரணில் போற்றி வைக்கும் மரபு இவ்வூரில் வலுவானது (உள்ளே இருந்தது எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது). பெட்டி அ, பெட்டி ஆ, கரையான் அரித்த பெட்டி இ என மூன்று பிரதிகள் ஒப்புநோக்கப்பட்டன.

கருவி வகைகளுக்கு வருவோம். வெறுங்கண்: விலைக்குக் கிடைக்காதது, விலக்கப்படுகிறது. 10×50 பைனாகுலர்: வாங்கிய அன்றே பயன் தந்துவிடுவதால் அடுத்ததை வாங்கும் ஊக்கத்தைக் கெடுக்கிறது; விலக்கப்படுகிறது. ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கி: ஆடியின் விட்டம் 2.34 மீட்டர், மாடிப்படியில் ஏறாது, விலக்கப்படுகிறது.

எஞ்சுவது 60 மில்லிமீட்டர் வில்லையும் ஆடும் முக்காலியும் கொண்ட குழாய். பெட்டி ஆ-வின் முன்பக்கம் இதன் உருப்பெருக்கத்தை 675 மடங்கு என்கிறது. வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் கிடைப்பதே பயன்படும் பெருக்கத்தின் உச்சம், அதாவது 120. அதற்கு மேல் போனால் மங்கலான வியாழன் மேலும் பெரிதாக மங்கும். அப்படியானால் மிச்சம் 555 மடங்கு எங்கே? இவ்வூர் வாங்கியலாரில் ஜங்ஷன் மரபினர் அதை உயர்வு நவிற்சி என்று தள்ளுவர். பெரியகோயில் மரபினர், புண்ணியம் செய்த கண்ணுக்கு அதுவும் தெரியும் என்பர். பெட்டி இ-யில் முதல் இலக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால் 75 என்றே இருக்கிறது. அந்தக் குழாயில் நடுங்காமல் பார்க்கக்கூடிய அளவும் ஏறக்குறைய அதுதான். பதிப்பாசிரியர் பலர் ஆயுள் முழுதும் உழைத்தும் எட்டாத திருத்தத்தைக் கரையான் ஒரே மழைக்காலத்தில் எட்டியிருக்கிறது.

டாப்சோனியன் என்னும் தொலைநோக்கி வகை பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜான் டாப்சன் (1915–2014) சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்துத் துறவி. கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு தொலைநோக்கி செய்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டியவர். 1967இல் மடம் அவரை வெளியேற்றியது. வீடு, வாசல், உறவு எல்லாம் துறந்தவராலும் துறக்க முடியாத ஒன்று உண்டு என்பதற்கு அவரே சான்று. ஆனால் வாங்கியல் நோக்கில் அவர் தோற்றவர், செலவே செய்யவில்லை.

துணைக்கருவிகளை வகைப்படுத்துவதில் ஒரு தலச்சிக்கல். இவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து. எனவே துணைக்கருவிகளும் ஐந்தாகவே இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு களஆய்வில் இறங்கினோம். கண்ணருகு வில்லை, பார்லோ வில்லை, நிலவு வடிகட்டி, சிவப்பு டார்ச் என நான்குதான் அகப்பட்டன. ஐந்தாவது 'பிற'. நம் ஆய்வுலகில் எந்தப் பாகுபாடும் இப்படித்தான் நிறைவெய்துகிறது.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையாகிய கூரியர்வழிக் கொள்முதல். இத்துறையில் விருத்தாசலத்துக்கு இருக்கும் மூப்புரிமை வேறெந்த ஊருக்கும் இல்லை. ஓரிடத்தில் பணத்தைக் கைவிட்டு, வேறோரிடத்தில் போய்ச் சரக்குக்குக் காத்திருக்கும் முறை பிறந்தது இங்கே. சுந்தரர், திருமுதுகுன்றம் என்று அன்று பெயர்கொண்ட இவ்வூர் இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள்க என்பது ஆணை. சேக்கிழார் இதைப் பதிந்திருக்கிறார். ஆனால் போக்குவரத்து நோக்கில் உரையாசிரியர் எவரும் இதை அணுகவில்லை. அந்தப் பணி நமக்காகக் காத்திருந்தது போலும்.

மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. திருவாரூரோ கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் அப்பால், நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தெற்கே. ஆற்றுப்போக்கை நம்பியிருந்தால் பொன் பரங்கிப்பேட்டை வலையில்தான் சிக்கியிருக்கும். இன்று விருத்தாசலத்துக்கு வரவேண்டிய பார்சல் விழுப்புரம் வந்து, சேலம் போய், மறுபடி விழுப்புரம் வந்து நிற்பதாகக் கைப்பேசி காட்டும்போது பதறுகிறோம். பதறத் தேவையில்லை. நம் ஊர்ச் சரக்கு புவியியலுக்குக் கட்டுப்பட்டதாக என்றைக்கும் சான்றில்லை.

சுந்தரர் ஏமாளியும் அல்லர். பொன்னை ஆற்றில் விடுமுன் மாற்றுப் பார்க்க ஒரு துண்டை மச்சமாக எடுத்து வைத்துக்கொண்டார். கமலாலயக் கரையில் பரவையார் சிரித்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் கணவரைப் பார்த்து எந்த மனைவியும் செய்யக்கூடியதுதான் அது. டெலிவரி தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு வீட்டிலும் இச்சிரிப்பை இன்றும் கேட்கலாம். பாடினார், பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. உரைத்தவர் பிள்ளையார் என்பது திருவாரூர் வழக்கு. மறுபடி பாடினார், சரக்கு சீரானது. இதிலிருந்து நாம் பெறுவது: வாங்குமுன் மாதிரி எடுத்துவை, வந்ததும் உரைத்துப் பார், குறை இருந்தால் பாடு. (பெட்டி இ, அடிப்பக்கம், மேல் ஒட்டுநாடா கிழிந்தபின் தெரியும் உள் ஒட்டுநாடாவின் பசைப்புறம். பெட்டி அ-வில் இதே வரி தலைகீழாக உள்ளது என்பது நெடுநாள் சர்ச்சை. பெட்டியையே தலைகீழாக வைத்துப் படித்தது பின்னர் தெரியவந்தது. எனினும் அதற்குள் இருதரப்பும் எழுதி முடித்துவிட்ட கட்டுரைகளைக் கட்டணம் கட்டியோர்க்கெல்லாம் இடமளித்த பன்னாட்டுக் கருத்தரங்க மலரில் காண்க. மலரைக் காணாவிடில் சான்றிதழையாவது காண்க.) இன்று குறையைச் சொல்ல வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் மறுமுனையிலிருந்துதான் பாட்டு வருகிறது. பாடுபவர் இடம் மாறிவிட்டதே மாற்றுக் குறையக் காரணம் எனலாம்.

இவ்வூரில் வாங்காமலே செய்துகொள்ள முடியும் என்று ஒரு குறும்பான மறுப்புரை உண்டு. அதன் வாதம் பலமானது. ஆகவே சுருக்கமாகச் சொல்லி விலக்குவோம். தொலைநோக்கி ஆடியைக் கையால் தேய்ப்பவர்கள் கண்ணாடி வட்டை இன்னொரு வட்டின் மேல் வைத்து, நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு, பருந்தூளில் தொடங்கி நுண்தூள் வரை இறங்குவார்கள். அந்த இன்னொரு வட்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து அதன்மேல் பீங்கான் சில்லுகளை ஒட்டிச் செய்வதும் உலகறிந்த முறை. பிறகு தார் படிந்த தட்டில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகு. ஆடிப்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியில் பிழை அலைநீளத்தின் கால்பங்குக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரை ஏழாயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறுக்குள், அடங்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு சிறுவிளக்கும் ஒரு சவரப் பிளேடும் போதும். பிளாஸ்டர் அச்சில் களிக்கூழ் ஊற்றிக் கொலு பொம்மையும் அகலும் பியூஸ் கேரியரும் வார்க்கும் ஊர் இது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்லூரியே இருக்கும் ஊர். பீங்கான் சில்லை இங்கே தேடிப்போக வேண்டாம், காலில் குத்தும். இத்தனையும் இருந்தும் ஆடி கப்பலேறி வருகிறது. காரணம் எளிது: தேய்த்தால் மாதக்கணக்கில் ஆகும், வாங்கினால் பெட்டி கிடைக்கும்.

கடைசியாக முகில் விதி. புதுக் கருவி வந்த இரவில் வானம் மூடும். விருத்தாசலத்தில் இதற்கு இயற்கைக் காரணம் உண்டு. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் தள்ளுபடி, அதற்குள் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும்தான் கிடைக்கும், சிலவேளை வில்லைக்கும். சந்தனம் இட்ட வில்லையில் சனியைக் காண முடியாது. சனியின் பார்வை படாது என்பது மட்டும் ஆறுதல். தை பிறந்து திறந்தால் உள்ளே பூஞ்சை.

ஆயினும் மழைக்காலத்துக்கு வெளியிலும் விதி செல்லும் என்பதற்குப் பக்கத்துப் புதுச்சேரியே சாட்சி. லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டு வந்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில். அவர் ஆடும் கப்பலில் நின்று பார்த்தார், அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769 ஜூன் என்று ஊர் திரும்பாமல் கீழ்த்திசையிலேயே எட்டு ஆண்டு கழித்து, கடைசியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து ஆங்கிலேயரே மூன்றடி நீள நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். மே மாதமெல்லாம் வானம் தெளிந்திருந்தது. அந்தக் காலையில் மட்டும் மேகம். கடப்பு முடிந்ததும் வெயில். அவர் முதலில் போய் உட்கார்ந்திருந்த மணிலாவில் அன்று வானம் பளிச்சென்று இருந்ததாம். ஊர் திரும்பினால் இறந்தவராக எண்ணிச் சொத்தைப் பங்குபோடும் ஏற்பாடு நடந்திருந்தது. அவர் தவறு ஒன்றே என்கிறது ஜங்ஷன் மரபு: இரவல் கருவியைக் கண்காட்சி நாளுக்கு முன்பே பிரித்துவிட்டார்.

அதே லெ ஜாந்தி முன் உட்கார்ந்து ஒரு தமிழர் சோழிகளைப் பரப்பி, 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த சந்திர கிரகணத்தை முக்கால் மணி நேரத்துக்குள் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த கால அளவில் அவர் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவின் டோபியாஸ் மேயர் அட்டவணை 68 வினாடி கூடிற்று. சோழிக்கு வாரண்டி இல்லை, பெட்டியும் இல்லை. எனவே இதைப் பின்னிணைப்பில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்று நெறியாளர் இன்னும் சொல்லவில்லை.

களஆய்வில் ஒரு விதிவிலக்கு நேர்ந்தது. ஒரு வீட்டு மாடியில் ஏழாம் வகுப்புப் பையன் தாத்தாவின் பழைய பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, வியாழனுக்குப் பக்கத்தில் நாலு புள்ளி தெரிகிறது என்று அம்மாவைக் கூப்பிட்டான். அம்மாவும் பார்த்தார். எந்தக் கையேட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மேற்கோள் இன்றிப் பெறப்பட்ட தரவு என்பதால் இக்கட்டுரையில் சேர்க்கப்படவில்லை.