கம்பெனிக்கு ஒரு கம்ப்ளைன்ட்

கம்பெனியிடம் குறை சொல்லும் பழக்கம் வேலூருக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1806 மே மாதத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. அக்னியூ என்ற அதிகாரியின் புண்ணியத்தில் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோலால் ஒரு குஞ்சம். மாட்டுத் தோலென்றால் இந்துவுக்கு ஆகாது, பன்றித் தோலென்றால் முஸ்லிமுக்கு ஆகாது. ஒரே தலைப்பாகையில் இரண்டு மதத்தையும் பகைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத்தான் உண்டு. போதாக்குறைக்கு நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு என்று இலவச இணைப்புகள் வேறு.

சிப்பாய்கள் மாட்டேன் என்றார்கள். வாடிக்கையாளர் சேவையும் கிடைத்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி, அத்தோடு வேலையும் காலி. கம்பெனியின் மதச்சார்பின்மை அந்த ரகம். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறதென்று மேலதிகாரி ஃபோர்ப்ஸின் காதில் போட்டார். அதை விசாரிக்கும் பொறுப்பு, அதே பட்டாளத்து இந்திய அதிகாரிகளிடம் போனது. அவர்கள் ஆற அமர விசாரித்து, ஆளுக்குப் பைத்தியம் என்று முடிவு சொல்லி அடைத்தும் வைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை சிப்பாய்கள் கையில்.

கம்பெனியில் ஒன்றே ஒன்றுதான் வேகமாக நடந்தது. காலை 7 மணிக்கு ஆற்காட்டில் இருந்த கில்லெஸ்பி என்ற அதிகாரிக்குத் தகவல். 9 மணிக்கெல்லாம் மனிதர் குதிரைப்படையோடு கோட்டை வாசலில். ரிப்பேருக்கு வந்தவர் பீரங்கியோடு வந்ததுதான் கோளாறு. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்த பிறகு தலைப்பாகை உத்தரவு வாபஸ். கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் ஊருக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். முஸ்தபா பேக்குக்கு வெகுமதி. பைத்தியம் தெளிந்துவிட்டதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது போலிருக்கிறது.

ஒரு துண்டுத் தோலுக்காக இத்தனை ரத்தம் பார்த்த அதே ஜில்லாதான், பிற்பாடு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தோலை நம்பிப் பிழைத்தது. சரித்திரத்துக்குக் குசும்பு அதிகம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதென்று 1991-இல் மறுபடி ஒரு கம்ப்ளைன்ட், இந்த முறை சுப்ரீம் கோர்ட்டில். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்டில். கில்லெஸ்பியிடமே குதிரையைக் கேட்டிருக்கலாம்.

கம்ப்ளைன்டுகளின் கதி இந்த லட்சணத்தில் இருக்க, வீட்டு மிக்ஸிக்கு மட்டும் நல்ல சர்வீஸ் எப்படி வாய்த்தது? பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்று ஒரு சீமென்ஸ் எஞ்சினியர். அவர் வீட்டில் ஜெர்மன் பிரவுன் மிக்ஸி. சீமையில் பழத்தைக் கூழாக்கிக்கொண்டு சுகமாகக் காலம் தள்ளியிருக்க வேண்டிய ஜீவன், நம்மூர்ப் பருப்பைக் கண்டதும் படுத்துவிட்டது. எழுப்ப இங்கே ஆள் கிடையாது. மனைவி மாதுரி கணவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நடந்த பேச்சுக்குக் கல்வெட்டு ஆதாரம் இல்லை. கல்யாணமானவர்களுக்கு அது தேவையும் இல்லை. விளைவு, 1963-இல் ஒரு கம்பெனி, அதிலிருந்து சுமீத் மிக்ஸி. கம்ப்ளைன்ட் கொடுத்தவர் ராத்திரி சோறு போடுகிறவராகவும் இருந்தால் எந்தக் கம்பெனியும் உருப்படும்.

அதுவரை எங்கள் பக்கத்துக் காப்பி வீடுகளில், மேஜை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மிஷினில்தான் கொட்டை அரைபட்டது. கைப்பிடி சுற்றுவது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். அந்த மிஷினில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. கெட்டது பிள்ளைகளின் வாய்தான். மிக்ஸி வந்ததும் அவர்கள் பிழைத்தார்கள், சித்தப்பா மாட்டிக்கொண்டார்.

வறுத்த கொட்டையைச் சின்ன ஜாரில் கழுத்து வரை அடைத்து ஓட்டியதில் ஒருநாள் மிக்ஸி கம்மென்று நின்றுவிட்டது. துண்டில் சுற்றி, வேலூர் லாங் பஜாரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். "பாய், மோட்டார் போயிடுச்சா?"

பாய் மிக்ஸியைக் கவிழ்த்தார். அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். கட்டை விரலால் ஓர் அழுத்து. நிமிர்த்திப் போட்டால் கொர்ரென்று சத்தம்.

"மோட்டார் நல்லாத்தான் கீது சார். சூடாச்சின்னா தானா நின்னுக்கும். ஆறவெச்சி இத்த அமுத்துனா போதும்."

அப்படியே விடவில்லை. ஜாரடியில் இருந்த கப்ளரைக் கழற்றிக் காட்டினார். பற்களெல்லாம் மழுங்கி மொழுமொழுவென்று இருந்தது. "இது தேயணும் சார். இது தேயலன்னா மோட்டார் பூடும்." புதுசு மாட்டி, கப்ளருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பொத்தான் அமுக்கினதற்குக் கூலி கேட்கவில்லை. பாதி ஜார்தான் போட வேண்டும், விட்டு விட்டு ஓட்ட வேண்டும், சிக்கரியை அரைத்த பிறகே கலக்க வேண்டும் என்று பாடம் வேறு.

வீட்டுக்கு வந்த சித்தப்பா, மோட்டாரில் பெரிய கோளாறு, நல்லவேளை நேரத்தோடு கொண்டுபோனேன் என்று அரை மணி நேரம் பேசினார். சித்தி பதில் பேசாமல் மிக்ஸியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஏங்க, இது இன்னா செவப்பா?"

சித்தப்பா காலையிலேயே படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.