பள்ளி வாசலில் இரண்டு ஐஸ் வண்டிகள்

கேள்வி: பள்ளி வாசலில் ஐஸ் விற்கும் இருவரும் வண்டிகளை ஒட்டி ஒட்டியே நிறுத்துகிறார்கள். போட்டியாளர்கள் ஏன் விலகி நிற்பதில்லை என்று எட்டாம் வகுப்பு மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: மகளின் கேள்விக்குப் பொருளியலில் தனி வரலாறே உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஹரால்டு ஹோட்டலிங் 1929-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. தெருவின் நீளம் 100 மீட்டர் என்றும், பிள்ளைகள் தெரு நெடுகச் சீராகப் பரவி நிற்கிறார்கள் என்றும், இருவரும் ஒரே ஐஸை ஒரே விலைக்கு விற்பதால் ஒவ்வொரு பிள்ளையும் அருகிலுள்ள வண்டிக்கே போகும் என்றும் வைத்துக்கொள்ளலாம். வண்டிகள் 25-ஆம் மீட்டரிலும் 75-ஆம் மீட்டரிலும் நின்றால் யாரும் 25 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் வண்டியைச் சற்றே நடுப்பக்கம் தள்ளினால் மற்றவரின் வாடிக்கையில் ஒரு பங்கு அவருக்கு வந்துவிடும் என்பதால், அவரும் தள்ள, இவரும் தள்ள, இறுதியில் இருவரும் தெருவின் நடுவில் அருகருகே வந்து சேர்வார்கள். விற்பனை முன்போலவே பாதிக்குப் பாதிதான். பிள்ளைகளின் சராசரி நடை மட்டும் 12.5 மீட்டரிலிருந்து 25 மீட்டராகிவிடுகிறது. விலையையும் மாற்றலாம் என்று விட்டால் இந்த முடிவு நிலைக்காது என்று 1979-இல் வேறு மூவர் காட்டினர். எனினும், போட்டி எப்போதும் வாங்குபவரின் பக்கமே நிற்கும் என்ற எளிய பாடத்தை ஐயுறக் கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது.

கேள்வி: இருவரும் பேசிவைத்து விலையை ஏற்றிவிட்டால்?

பதில்: அதற்குக் கார்ட்டெல் என்று பெயர், அதாவது, போட்டியிட வேண்டியவர்கள் மறைவாகக் கைகோத்துக்கொள்ளும் கூட்டு. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இத்தகைய உடன்பாட்டைத் தடுக்கிறது. அதை விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையம். கூட்டை முதலில் வெளிப்படுத்தும் நிறுவனத்துக்கு அபராதம் முழுவதும்கூடக் குறைக்கப்படலாம்.

கேள்வி: கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது தப்பில்லையா?

பதில்: ரகசியத்துக்கு விலை கொடுப்பவர் அதில் சேராத மூன்றாம் நபராக இருக்கும்போது தப்பில்லை.

கேள்வி: வகுப்பறையிலேயே சந்தையை நடத்திப் பார்க்கலாமா?

பதில்: கட்டாயம் நடத்த வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சேம்பர்லின் மாணவர்களுக்குச் சீட்டுகள் கொடுத்து, வாங்குபவருக்கு உச்ச விலையையும் விற்பவருக்குக் குறைந்தபட்ச விலையையும் குறித்து, இருவர் இருவராகப் பேரம் பேசவிட்டார். விலைகள், தேவையும் அளிப்பும் சமமாகும் புள்ளியாகிய சமநிலையை எட்டவில்லை என்று 1948-இல் அவர் எழுதினார். அந்தப் பயிற்சியில் கலந்துகொண்ட மாணவர்களுள் ஒருவரான வெர்னன் ஸ்மித், 1956-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டே விதிகளை மாற்றினார். கேட்கும் விலையையும் கொடுக்கும் விலையையும் எல்லாருக்கும் கேட்குமாறு உரக்கச் சொல்ல வேண்டும். அதே சந்தையைப் பல சுற்றுகள் நடத்த வேண்டும். ஆட்கள் சிலரே இருந்தும் விலைகள் சமநிலையை நெருங்கின. இத்தகைய ஆய்வுகளுக்காக அவர் 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சந்தை நன்றாக நடப்பதும் கெடுவதும் விதிகளைப் பொறுத்தது என்பதைப் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்க்கும் முன்பே இதன்வழி அறிந்துகொள்வார்கள்.

கேள்வி: செலவு?

பதில்: சீட்டுக்கான காகிதமும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் போதும். முதல் நாள் காதோடு காதாகவும் மறுநாள் உரக்கவும் பேரம் நடத்தி, இரு நாள் விலைகளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, வேறுபாட்டுக்கான காரணத்தைப் பிள்ளைகளே சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும்.