வெகுமதி வேண்டாம் என்றவர்கள்

அரசு வலியக் கொடுக்க வந்த பணத்தை ‘எனக்கு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிய துறவிகள் இந்த நாட்டில் சமீப காலம் வரை வாழ்ந்தார்கள். காவி கட்டியவர்கள் இல்லை. திருப்பூரில் பனியனும் கரூரில் திரைச்சீலையும் பொள்ளாச்சியில் தென்னை நாரும் விற்றுப் பிழைக்கிற ரகம். தாங்கள் துறவியாகிவிட்ட சேதி அவர்களுக்கே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். 2015 ஏப்ரலில் வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை எம்.இ.ஐ.எஸ். என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. சரக்கைப் பொறுத்து, ஏற்றுமதி மதிப்பில் 2, 3, 5 சதவீதம் வெகுமதி. ரொக்கம் இல்லை; சுங்க வரி கட்டவோ வெளியே விற்கவோ உதவுகிற சீட்டு. பனியன் தொழிலில் சில ஆர்டர்களில் மொத்த லாபமே இரண்டு சதவீதம்தான். அதைப் பெற வேண்டுமானால் ஜூன் 1 முதல், சுங்கத்துறைக்குக் கொடுக்கிற ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லிலேயே விருப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் எதிரே கணினியில் ஒரு சின்னக் கட்டம். வேண்டும் என்றால் ‘ஒய்’. வேண்டாம் என்றால் ‘என்’. துறைமுக கேட் மூடுகிற நேரம் நெருங்க, கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் அடிக்கிற பையனின் விரல் ‘என்’னில் விழுந்துவிட்டது. சரக்கு போய்ச் சேர்ந்தது. பையர் பணம் அனுப்பினார். வங்கி சான்று கொடுத்தது. டாலர் நாட்டுக்குள் வந்தது. வெகுமதி மட்டும் வரவில்லை. கேட்டால், ‘நீங்கள்தானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள்?’

ஊரில் எவனாவது வேண்டாம் என்பானா என்று எந்த அரசு மேசையிலும் யாரும் யோசிக்கவில்லை. சுங்கத்துறையைக் கேட்டால், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யைக் கேள் என்றது. டி.ஜி.எஃப்.டி.யைக் கேட்டால், சுங்கத்துறைக் கணினி அனுப்புவதைத்தான் எங்கள் கணினி படிக்கும் என்றது. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இது கைத்தவறு, நடைமுறைக் குறை, இதற்காக ஒருவனுக்குச் சேர வேண்டியதை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஒரு எழுத்தை மாற்ற ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது என்பதில் இந்த நாட்டின் நிர்வாகத் திறன் முழுவதும் அடங்கிவிடுகிறது. வக்கீல் வைக்க வசதி இருந்தவன் சம்சாரியானான். இல்லாதவன் துறவியாகவே இருந்துவிட்டான்.

இனி அந்த வெகுமதியின் கதை. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. 2019 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தது: 1990-ஆம் ஆண்டு மதிப்பில் தலா வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு 1,000 டாலரைத் தாண்டிய நாடு ஏற்றுமதி மானியம் கொடுக்கக் கூடாது, இந்தியா தாண்டிவிட்டது. ஓவர்லாக் மிஷினில் குனிந்த தலை நிமிராத பெண்ணுக்குத் தான் வசதியாகிவிட்ட விவரம் ஜெனீவாவிலிருந்து தெரிய வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க விடாமல் பல ஆண்டுகளாகத் தடுத்துக்கொண்டிருந்ததும் அதே அமெரிக்காதான். டிசம்பரில் அந்த அமைப்பே முடங்கியது. வழக்குப் போட்டவனே கோர்ட்டைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டதை எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை.

எம்.இ.ஐ.எஸ். 2020 டிசம்பரோடு முடிந்தது. மறுநாளே, 2021 ஜனவரி 1 முதல், ரோடெப் அமலுக்கு வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். உள்ளூரில் கட்டி, திரும்பி வராத வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் திட்டம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. எவ்வளவு தருவார்கள் என்ற சில்லறை விவரம் மட்டும் அன்றைக்குத் தயாராக இல்லை. விகிதங்கள் வெளிவந்தது ஆகஸ்ட் 17 அன்று. ஆயத்த ஆடைக்கு வேறு திட்டம், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். அது தொடரும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது ஜூலை 14 அன்று. அதுவும் ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு. பிப்ரவரியில் ஜெர்மன் பையர் ‘பீஸ் என்ன விலை?’ என்று கேட்டால் திருப்பூர்க்காரர் என்ன சொல்வது? ‘கொஞ்சம் இருங்கள், ஆனி மாதத்தில் டெல்லியில் கூடிப் பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்றா? சொல்லவில்லை. குத்துமதிப்பாக ஒரு விலை சொன்னார். அதற்குப் பின்னால் நூல் விலை ஏறியது. கண்டெய்னர் வாடகை ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியாளர்களுக்குப் பாக்கி வைத்திருந்த 56,027 கோடி ரூபாயை விடுவிக்கப் போவதாகப் பெருமையோடு அறிவித்தது. இவ்வளவு பாக்கி எப்படிச் சேர்ந்தது என்று கேட்ட குரல், கைதட்டலில் அமுங்கிப்போனது. கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுத்தால் மாலை போடுவது நம் பண்பாடு போலிருக்கிறது.

ஜி.எஸ்.டி. வந்த 2017-இல் இதைவிடப் பெரிய கூத்து. ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பார்கள். ஆனால் முதலில் கட்டு, பிறகு திருப்பித் தருகிறோம் என்பார்கள். கட்டினார்கள். சுங்கத்துறைக்குக் கொடுத்த இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. கணக்கில் போட்ட எண்ணும் ஒரு கோடு, ஒரு சைபர் மாறியிருந்தால் கணினி ‘எஸ்.பி.005’ என்று பிழை துப்பியது. பஞ்சாயத்தில் ஊர்விலக்கு வைப்பார்களே, அதேதான். யார் வைத்தது, எப்போது நீக்குவார்கள், யாரைப் பார்க்க வேண்டும், ஒன்றும் தெரியாது. வட்டிக்கு வாங்கி மாதக்கணக்கில் ஓட்டினார்கள். 2018 மார்ச்சில் ‘ரீஃபண்ட் பட்சம்’ என்று பதினைந்து நாள் உற்சவம் நடத்தி, எங்கள் பணத்தை எங்களுக்கே வழங்கினார்கள். தேர் இழுக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எண் வேண்டும். அது பான் எண்ணேதான். 2021 முதல், வருடா வருடம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில் அதைப் புதுப்பிக்க வேண்டும். எதுவும் மாறவில்லையா? எதுவும் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழக்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும். இதற்கெல்லாம் நட்சத்திர ஹோட்டலில் விழிப்புணர்வுக் கருத்தரங்கு உண்டு. மதியச் சாப்பாடு நன்றாகவே இருக்கும்.

கருத்தரங்கில் ஹெச்.எஸ். கோடு பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அது உண்மையிலேயே படிக்க வேண்டிய நூல். உலகத்துச் சரக்கு அத்தனைக்கும் ஜாதி பிரித்து ஆறு இலக்கத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள். பின்னல் ஆடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணி ஆடை 62. டீ-ஷர்ட்டும் உள்பனியனும் 6109. காலரும் பட்டனும் வைத்த ஆண்கள் பின்னல் சட்டை 6105. ஆனால் அதே சட்டையில் இடுப்புக்குக் கீழே ஒரு பை வைத்துவிட்டால் அது 6105 இல்லை. அடியில் இழுத்துக் கட்டுகிற ரிப் வைத்தாலும் இல்லை. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துத் தையல் கண்ணுக்குக் குறைந்தாலும் இல்லை. இதைத் தெரியாமல் பில் போட்டவன் தவறான விவரம் தந்தவன் ஆகிறான். வரி வேறு, சலுகை வேறு, அபராதம் தனி. சட்டைப் பை இவ்வளவு உன்னிப்பாக அளக்கப்படுகிற உலகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே நூலின் 71-ஆம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்.

அங்கே ஒரு குறிப்பு. ஒரு உலோகக் கலவையில் எடையில் 2 சதவீதம் பிளாட்டினம் இருந்தாலே போதும், அது பிளாட்டினக் கலவை. மீதி 98 பங்கு தங்கமாக இருந்தாலும் சரி. 2022 மே 1 அன்று அமலுக்கு வந்த இந்திய-அமீரக வர்த்தக ஒப்பந்தத்தில் பிளாட்டினத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு குறைகிற சலுகை வரி. இரண்டே மாதத்தில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதமாக ஏறியது. அப்புறம் என்ன? துபாயிலிருந்து ‘பிளாட்டினம்’ வந்து குவிந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தங்கமாக இருந்த பிளாட்டினம்! அமீரகத்தில் பிளாட்டினச் சுரங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டிய மேசைதான், எங்கள் இன்வாய்ஸில் ஒரு கோடு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்தார்கள், 2025-இல். அதுவரை உருகியது உருகியதுதான். அந்த இறக்குமதியாளர்கள் யாரும் ‘என்’ என்று கட்டத்தில் அடித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் அத்தியாயக் குறிப்பைப் படிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது.

இது புதிதும் இல்லை. 2000-இல் நடைமுறைக்கு வந்த இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தில், 35 சதவீத மதிப்பு உள்ளூரில் சேர்ந்தால் அது இலங்கைச் சரக்கு என்று விதி. சில ஆண்டுகளிலேயே அந்தத் தீவு வனஸ்பதி ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தது, வெளியிலிருந்து வாங்கிய பாமாயிலை வைத்து. செம்பும் அப்படியே வந்தது. விதியைக் கோடீஸ்வரன் வளைத்தபோது அதற்குப் பெயர் வியாபார நுணுக்கம். அந்த வளைவுகளைத் தடுக்க 2020-இல் கரோட்டார் விதிகள் வந்தன. சான்றிதழ் காட்டினால் போதாது, சரக்கு எங்கே, எதிலிருந்து, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். சாயமும் ஜிப்பும் கொஞ்சம் வெளியிலிருந்து வாங்குகிற சின்னக் கம்பெனிதான் இப்போது ஃபைல் சுமக்கிறது.

ஒப்பந்தம் என்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு வங்கதேசத்தைக் காட்டலாம். ஏழை நாடு என்பதால் அவர்களுடைய டீ-ஷர்ட் ஐரோப்பாவுக்குள் சுங்கமே இல்லாமல் போகிறது. 2011 முதல் விதி இன்னும் தளர்ந்தது. வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலே போதும், அது வங்கதேசத்துச் சட்டை. வியட்நாம் 2020 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பாவோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அவர்களுக்கு விதி கடுமை, துணியும் உள்ளூரில் நெய்திருக்க வேண்டும். ஆனால் கொரியத் துணியைத் தன் துணியாகக் காட்டிக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கிவிட்டார்கள். பேசத் தெரிந்தவர்கள் இப்படிப் பேசினார்கள். நாம் ஐரோப்பாவோடு 2007-இல் பேச ஆரம்பித்து, 2013-இல் நிறுத்தி, 2022-இல் மறுபடி உட்கார்ந்தோம். பருத்தியைப் பறித்து, நூற்று, பின்னி, சாயமேற்றி, தைத்து, பெட்டியில் அடைப்பது வரை எல்லாம் ஒரே மாநிலத்துக்குள் செய்யக்கூடிய ஊர், அத்தனை காலமும் வரி கட்டிக்கொண்டு வெளியே நின்றது.

பிரிட்டன் ஒப்பந்தம் 2022 தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்றார் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். தீபாவளி வந்தது, ஜான்சன் அதற்கு முன்பே போய்விட்டார். லிஸ் டிரஸ் வந்து போனார், ரிஷி சுனக் வந்து போனார். மூன்று தீபாவளி வெடித்துத் தீர்ந்த பிறகு, 2025 ஜூலை 24 அன்று கியர் ஸ்டார்மர் இருக்கும்போது கையெழுத்தானது. கையெழுத்து அமலாவதற்கு அப்போது நாடாளுமன்றம், ஒப்புதல் எல்லாம் பாக்கி இருந்தது. மத்தாப்பு மட்டும் அன்றைக்கே கொளுத்தியாகிவிட்டது.

மத்தாப்பு அணைவதற்குள் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக இன்னொரு 25, ஆகஸ்ட் 27 முதல். எண்ணெய் வாங்கியது யார், சுத்திகரித்து விற்று லாபம் பார்த்தது யார் என்பதெல்லாம் நாளிதழ் படிக்கிற எவருக்கும் தெரியும். தண்டம் கட்டியது திருப்பூர். இத்தனை கோடும் கட்டமும் சான்றும் சரியாக வைத்திருந்தவனுக்கும் அதே ஐம்பதுதான் விழுந்தது. எந்த ஃபைலும் அதைத் தடுக்கவில்லை.

டெல்லி சும்மா இருக்கவில்லை, கருணை காட்டியது. 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்தி மேல் 11 சதவீத வரி போட்டிருந்தார்கள். நூல் விலை ஏறுகிறது, போட்டி நாட்டுக்காரன் வரியில்லாமல் பஞ்சு வாங்குகிறான் என்று மில்காரர்களும் பனியன்காரர்களும் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தார்கள். இடையில் 2022-இல் சில மாதம் விலக்கு. அப்புறம் பழையபடி வரி. தேசத்தின் விவசாயியைக் காக்க அந்த வரி இன்றியமையாதது என்று சொல்லப்பட்டது. அந்த இன்றியமையாத வரி 2025 ஆகஸ்ட் 19 அன்று ஒரே அறிவிக்கையில் காணாமல் போனது. செப்டம்பர் 30 வரை. நாற்பத்து மூன்று நாள். பிரேசிலில் விலை பேசி, பேல் கட்டி, கப்பலேற்றி, தூத்துக்குடியில் இறக்குவதற்குள் சலுகை முடிந்துவிடும் என்று மில் வாசலில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். பத்தே நாளில் டிசம்பர் 31 வரை என்று மாற்றினார்கள். முதல் அறிவிக்கையில் கையெழுத்துப் போட்ட அதிகாரி எந்தக் கட்டத்தில் எந்த எழுத்தைத் தப்பாக அடித்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவருக்கு அபராதம் இல்லை, எஸ்.பி.005 இல்லை, உயர் நீதிமன்றத்துக்கு அலைச்சலும் இல்லை.