சிலந்திக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: பூச்சிமருந்தால் நன்மை அதிகமா, தீமை அதிகமா?
– நெல் விவசாயி ஒருவர், காளஹஸ்தி

பதில்: சிலந்திக்கே முக்தி கிடைத்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள்! உங்கள் வயல் சிலந்திக்கும் முக்திதான், என்ன, ஸ்பிரேயர் வழியாக. குருத்துப்பூச்சி எல்லை மீறினால் மருந்து பயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால், கடைக்காரர் சொன்னார் என்று முன்கூட்டியே அடித்தால், புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகும். இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டையோ பொரிந்து, காவலில்லாத வயலில் குடும்பம் நடத்தும். இதில் சூடுபட்ட இந்தோனேசியா, 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிலந்திக்கு மதிப்பெண்ணே போட்டிருக்கிறது: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு 1 புகையான்தான் எல்லை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். சம்பளம் கேட்காத காவல்காரர்!

வரப்பில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு தெரியாது. இறங்கி, பயிரின் அடியைத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். எல்லை தாண்டினால் அடியுங்கள். அப்போதும் லேபிளில் உள்ள அளவுதான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னொரு மூடி வேண்டாம்.