ஹேக் கிழவி: வேலியோரச் சொல்லாய்வு

1. கருதுகோள்

ஆங்கிலத்தில் 'ஹேக்' என்றால் சூனியக்காரி போன்ற கிழவி. அகராதி இத்துடன் விட்டுவிடும், ஆய்வாளன் விடமாட்டான். காரணம் புலப்படாத எந்தக் கோளாறுக்கும் ஒரு கிழவியே பொறுப்பு என்று மனிதர் முடிவுகட்டுவர் என்பதே நம் கருதுகோள். இனி இது 'கிழவி விதி' எனப்படும்.

2. வேர்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் 'ஹேக்டெஸ்ஸெ'. பின்னாளில் வால் உதிர்ந்து தலை மட்டும் நின்றது. ஜெர்மனியின் 'ஹெக்ஸெ', நெதர்லாந்தின் 'ஹெக்ஸ்' இரண்டும் இவளுக்குப் பங்காளி முறை. முற்பாதியை 'ஹாகா', அதாவது வேலி, எனக் கொள்வோர் பலர்: ஊருக்கும் காட்டுக்கும் இடையே வேலிமேல் உட்கார்ந்திருப்பவளாம். அதே வேலிதான் நெதர்லாந்தின் ஹேக் நகரப் பெயரிலும் இருக்கிறது; டச்சு முழுப்பெயருக்குப் 'பிரபுவின் வேலி' என்று பொருள். சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஊரையும் சூனியக் கிழவியையும் ஆங்கிலேயர் வேறு வேறாக எழுதுவர். இருவரையும் ஒரே எழுத்தில் அடக்கி உறவை அம்பலப்படுத்திய பெருமை தமிழுக்கே உரியது.

3. சான்றுகள்

(அ) இடுப்புப் பிடிப்பு. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. திடீர்க் குத்துவலிக்கு அது தரும் மருந்து: காஞ்சொறி உள்ளிட்ட மூன்று மூலிகைகளை வெண்ணெயில் வேகவைத்து, மந்திரம் ஓத வேண்டும். வலி என்பது யாரோ எய்த அம்பு. சந்தேகத்துக்குரியோர் மூன்று தரப்பு: தெய்வங்கள், எல்ஃப் எனும் குட்டித் தேவதைகள், ஹேக்டெஸ்ஸெ. இன்றும் இடுப்புப் பிடித்தால் ஜெர்மானியர் 'ஹெக்ஸன்ஷுஸ்' என்கிறார்கள்: சூனியக்காரி எய்தது. மற்ற இரு தரப்பும் எப்போது ஜாமீனில் போயினவோ!

(ஆ) குதிரை. காலையில் லாயத்துக் குதிரை வியர்த்துக் களைத்து நின்றால், ராத்திரி ஹேக் ஏறி ஓட்டியிருக்கிறாள் என்பது இங்கிலாந்துக் கிராமத்துத் தீர்ப்பு. தடுப்புக்கு, தானாக ஓட்டை விழுந்த 'ஹேக்ஸ்டோன்' கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். லாயக்காரப் பையன் ராத்திரி எங்கே போயிருந்தான் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

(இ) தூக்கம். உடல் அசையாமல் மூளை மட்டும் விழித்துக்கொள்வதைத் தூக்க முடக்கம் என்கிறது மருத்துவம். கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அதற்குப் பெயர் 'ஓல்ட் ஹேக்'. நெஞ்சில் ஏறி உட்காருவாள். நம்மூரில் இதே உத்தியோகத்தில் இருப்பது அமுக்குவான் பேய். ஆண்பால் விகுதி நம் விதிக்கு முரணானது. எனவே இச்சான்று ஏற்கப்படவில்லை.

4. ஆள்பற்றாக்குறை

காரணம் தெரியாதவை பெருகவே ஒரு ஹேக் போதவில்லை. அழுகிய பிணத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'குரோன்' எனும் இன்னொரு கிழவி ஆங்கிலத்துக்கு வந்தாள். 'அழகிய சீமாட்டி' என்ற பொருளோடு கிளம்பிய 'பெல்டம்', வழியில் பாட்டியாகி, முடிவில் சூனியக்காரியாகவே வந்து சேர்ந்தாள்.

5. முடிவு

வேலி போக, எஞ்சிய 'டெஸ்ஸெ' எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாய்வாளர்களுக்குள் இன்றுவரை உடன்பாடில்லை. கிழவி விதிப்படி இதற்கும் அவளே பொறுப்பு. வழக்கு ஹேக் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது.